பார்வையாளர் நேரம்

மேற்கு ஜன்னலின் திரையை நாத்தனார் மறுபடியும் இழுத்து மூடினாள். அண்ணன் பெண்டாட்டி எழுந்து போய் மறுபடியும் திறந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல வெயில் நேரா மூஞ்சில அடிக்கும் அண்ணி," என்றாள் நாத்தனார், அழுது கரகரத்த குரலில். "அண்ணனுக்கு..." என்று ஆரம்பித்தவள், அண்ணனுக்கு இனி வெயில் என்ன மழை என்ன என்று தனக்கே பட்டதோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

"அடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள்.

ஹாலில் கட்டிலைப் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் சுவர். சுவரில் கடிகாரம். கடிகாரத்தைத் தாண்டினால் உள் அறைக் கதவு. முதலில் கட்டிலை வாசலோரமாகத்தான் போட்டார்கள், வருகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று. அவள்தான் இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னாள். நகர்த்திய பிறகு இன்னும் கொஞ்சம் ஜன்னலுக்கு நேராக என்றாள். சாவு வீட்டில் பெண்டாட்டி சொல்வதற்கு யார் மறுபேச்சுப் பேசுவார்கள்? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நகர்த்தினார்கள்.

அவள் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். விடிவதற்குள் கிளம்பியாக வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான். ராத்திரி களைத்து வந்து படுத்த மனுஷனை எழுப்புவானேன் என்று பிளாஸ்கில் காபியை ஊற்றி வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். பேப்பர் வாங்க வந்த பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் முதலில் பார்த்தது. நாற்காலியில் சாய்ந்தபடி, மூக்குக் கண்ணாடியோடு, காபி பாதி குடித்தது பாதி குடிக்காதது. போன் வந்தபோது அவள் ஓட்டல் விரிப்பு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மீதியையும் தேய்த்து நாலாக மடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

அவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை. டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. சாயங்காலம் நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களைச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே விட வேண்டும். நேரம் முடிந்ததும் கைமணி ஒன்றை ஆட்டிக்கொண்டே வார்டு வார்டாகப் போய் அத்தனை பேரையும் வெளியே அனுப்ப வேண்டும். அதனால் ஆஸ்பத்திரியிலும் தெருவிலும் அவருக்கு மணிக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. உள்ளே விடும்போது ஒருத்தரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. வெளியே போகச் சொல்லும்போது எல்லோரும் பார்த்தார்கள், முறைத்து. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாயிடம் போய் நேரமாச்சு என்று சொல்கிறவனை எவள் வாழ்த்துவாள்? சாபம் வாங்குவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று அவரே சொல்வார்.

கல்யாணமான புதிதிலேயே விட்டுவிடுகிறேன் என்று ஆரம்பித்தவர். முதலில் அவள் நம்பினாள். சிநேகிதன் ஒருத்தன் சைக்கிள் கடை வைக்கப் போகிறான், கூட்டாகச் சேர்ந்துகொள்ளலாம் என்றார். சைக்கிள் கடை வந்தது, மூடியும் போனது. இவர் மணியை ஆட்டிக்கொண்டிருந்தார். மகன் பிறக்கட்டும் என்றார், அவன் பள்ளிக்கூடம் முடிக்கட்டும் என்றார், அவனுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்றார். எல்லாம் ஆயிற்று. 'விட்டுடறேன்' என்பது வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. வராத ஒன்றைச் சொல்வதென்றால் மகன், "அப்பா வேலைய விட்ட மறுநாள்," என்பான்.

அவளுக்கு அது வேடிக்கையாக இருந்ததில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது சாயங்காலம்.

அவள் விடியற்காலையில் போய் மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பினால், அவர் கிளம்பிப் போய் அரைமணி ஆகியிருக்கும். சாப்பிட்ட தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். அவர் திரும்பும்போது ஊர் அடங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் அதிகம், கேட்கவே வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் லீவு இல்லையா என்றால், இருந்தது, செவ்வாய்க்கிழமை. அவள் லாண்டரியில் ஓட்டல் துணியெல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதும் அதே செவ்வாய்க்கிழமைதான். அன்றைக்கு அவள் வீடு திரும்ப இருட்டிவிடும். நாளை மாற்றிக் கொடுங்கள் என்று இவள் இங்கே கேட்டாள், அவர் அங்கே கேட்டார். இரண்டும் கிணற்றில் போட்ட கல். கல்யாணம் காரியம் என்று சேர்ந்து லீவு போட்ட நாட்கள் ஊரார் வீடுகளிலேயே கழிந்தன. முப்பது வருஷக் குடித்தனத்தில் இருவரும் தங்கள் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து பொழுது சாய்ந்து பார்த்ததில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் நிஜம்.

அந்த ஹாலுக்குச் சாயங்காலம் ஒரு வெளிச்சம் வரும். எதிரே இரண்டு பெரிய கட்டடங்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு இடுக்கு. சூரியன் அந்த இடுக்குக்கு இறங்கி வரும் கொஞ்ச நேரம் மட்டும் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே விழுந்து, தரையில் ஊர்ந்து, எதிர்ச் சுவரில் ஏறும். நாள் பூராவும் இருட்டடித்துக் கிடக்கிற அறை அப்போது மட்டும் யார் வீடோ போல ஆகிவிடும். கையில் டீயோடு அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், வாரத்தில் ஆறு நாள், தனியாக. செவ்வாய்க்கிழமை அவர் பார்ப்பார், அவரும் தனியாக.

அது எங்கே போய் முடிகிறது என்பதில் இருவருக்கும் ஓயாத சண்டை. அவள், கடிகாரத்தின் மேல் ஏறி அங்கேயே அணைந்துவிடும் என்பாள். அவர், இல்லவே இல்லை, கடிகாரத்தைத் தாண்டி உள் அறைக் கதவு நிலையில் போய்த்தான் அணையும் என்பார். நான் ஆறு நாள் பார்க்கிறேன், ஒரு நாள் பார்க்கிற நீங்கள் எனக்குச் சொல்கிறீர்களா என்று அவள் மடக்குவாள். பார்ப்பது எத்தனை நாளாக இருந்தால் என்ன, கடைசி வரைக்கும் பார்க்க வேண்டாமா என்று அவர் திருப்புவார். ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் தீர்ந்துபோகிற வழக்கு. அது தீரவில்லை.

ஒரு தடவை நிஜமாகவே விட்டுவிடுவார் போலிருந்தது. வார்டில் ஒரு கிழவர், பெண்டாட்டியின் கட்டிலருகில் தினமும் வந்து உட்காருகிறவர். ஒரு நாள் மணியடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம் என்று கெஞ்சியிருக்கிறார். மேலதிகாரி பின்னாலேயே நின்றதால் இவர் தோளைத் தொட்டு எழுப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் கிழவர் வந்தது அந்த அம்மாளின் துணிப்பையை வாங்கிக்கொண்டு போக. "மொறைச்சிருந்தாக்கூடப் பரவால்ல. கும்பிட்டுட்டுப் போறாரு," என்று சொல்லி இவர் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நாளைக்குப் போகமாட்டேன் என்றார். அவள் மனசுக்குள் அந்தக் கிழவருக்கு நன்றிகூடச் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் அவள் வந்தபோது தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

அதற்கப்புறம்தான் அந்த ஷூ லேஸ் வித்தை. மணியை ஆட்டிக்கொண்டு வரும்போது, இந்தக் கட்டிலில் இருந்து இப்போது கிளப்பக்கூடாது என்று அவருக்குத் தோன்றினால், அந்த அறை வாசலிலேயே குனிந்து லேஸைக் கட்ட ஆரம்பித்துவிடுவார். ஒரு காலை அவிழ்த்துக் கட்டுவார், மறு காலை அவிழ்த்துக் கட்டுவார். வாசலை அடைத்துக்கொண்டு குனிந்திருக்கிறவனைத் தாண்டி யார் உள்ளே போக முடியும்? மேலதிகாரி கேட்டால், தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்பாராம். இதைப் பார்த்து லிப்ட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். அந்த மாடியில் இவர் குனிந்திருக்கிற வரைக்கும் மேலதிகாரி ஏறி வராதபடி லிப்ட் எங்கேயாவது நின்றுபோயிருக்கும்.

மகனுக்கு இது தெரியாது. அப்பா ஷூவோடு மல்லாடுகிறார் என்று நினைத்து, முதல் சம்பளத்தில் லேஸே இல்லாத ஷூ ஒன்றை வாங்கி வந்தான். நல்ல ஷூ, மெத்தென்று இருந்தது. அவர் வாங்கிப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்குப்பா," என்று சொல்லி, பெட்டியோடு அலமாரி மேல் ஏற்றிவிட்டார். இன்றுவரை இறங்கவில்லை.

"நான் விட்டுட்டு வந்துட்டா இன்னொருத்தன் வருவான். மணி அடிக்க யாருக்கும் தெரியும். எங்க குனியணும்னு அவனுக்குத் தெரியுமா?" என்று அவர் ஒரு ராத்திரி சொன்னபோது அவளுக்கு ஆற்றாமை பொங்கிவிட்டது.

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு லேஸ் கட்டறீங்க. என் வாசல்ல ஒரு நாள் குனிங்களேன்," என்றாள்.

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். நெடுநேரம் தூங்காமல் படுத்திருந்தார் என்று மட்டும் அவளுக்குத் தெரியும், அவளும் தூங்கவில்லை.

நேற்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது அவராகவே பேச்சை எடுத்தார். போதும், கால் வலிக்கிறது, இந்த மாதத்தோடு சரி, நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றார். "உன் கடிகாரமா என் கதவான்னு பாத்துருவோம்," என்று சிரித்தார். அவள் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே, "நீங்க விட்டுட்டாலும்!" என்றாள். அதுதான் அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது. விடியற்காலையில் எழுப்பி ஒரு வார்த்தை, சரிங்க, சொல்லிட்டு வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

காரியங்களையெல்லாம் கொழுந்தன் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தான். நல்லவன்தான், ஆனால் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்ப்பதற்கென்றே பிறந்தவன். இருட்டுவதற்குள் மயானத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அப்புறம் அங்கே கதவைச் சாத்திவிடுவான் என்று காலையிலிருந்து நூறு தரம் சொல்லிவிட்டான். இப்போது உள்ளே வந்து, "எடுத்துடலாமா அண்ணி?" என்றான், மெதுவாகத்தான்.

வெளிச்சம் இன்னும் வரவில்லை. ஜன்னல் வெறுமனே வெளிறிக் கிடந்தது.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு வெளியே போனான். வாசலில் கசமுசவென்று பேச்சு. அவள் யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். யார் வரவேண்டும்? மகன் மத்தியானமே வந்தாயிற்று. அவளுடைய அக்கா குடும்பம் வந்தாயிற்று. பேச்சுவார்த்தை இல்லாத ஒன்றுவிட்ட தம்பி நினைவுக்கு வந்து, கொழுந்தன் அவனுக்கே போன் போட்டுவிட்டான். அந்தத் தம்பியும் வருகிறேன் என்று சொல்லித் தொலைத்தானாம். நாத்தனார் வந்து அதைக் காதோடு சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அந்த நினைப்பில் சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டாள்.

வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். தினமும் வருகிற வெயில்தானே, நாளைக்கும் வரும் என்பார்கள். நாளைக்கு வரும், யார் இல்லை என்றது. அவர் இருக்கமாட்டாரே.

அப்போது வெளிச்சம் தரையில் விழுந்தது. ஜன்னலுக்கு அடியில் முதலில் ஒரு கீற்று, பிறகு பாய் விரித்தாற்போல. கட்டில் காலைத் தொட்டது. அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வண்டி டிரைவர் ஹாரனை ஒரு தட்டு தட்டி, இன்னொரு வீட்டுக்கும் போகணும், நேரமாச்சு என்றான். கொழுந்தன் மறுபடி உள்ளே வந்தான். இந்தத் தடவை மகனையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்களுக்குப் பின்னால், தூக்குவதற்கென்று இன்னும் இரண்டு பேர். ஒருவர் தையல்காரர். இன்னொருவர் லிப்ட்டுக்காரர், ஆஸ்பத்திரியில் லிப்ட்டை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு யூனிபாரத்தோடேயே ஓடி வந்தவர். வந்ததிலிருந்து ஒரு மூலையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

மகன் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "யாருக்காகம்மா வெயிட் பண்றோம்? சொல்லு, நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"யாருக்காகவும் இல்லடா."

"அப்புறம் ஏம்மா? சித்தப்பா பாவம், அல்லாடறாரு. எடுத்துடலாம்மா."

வெளிச்சம் அவர் மார்பில் ஏறியிருந்தது. அவள் எல்லோரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்ச நேரம்," என்றாள். "கொஞ்ச நேரம்தான்."

கொழுந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மகன் சித்தப்பாவைப் பார்த்தான். லிப்ட்டுக்காரர் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ மறந்துவிட்டதைப்போலத் திரும்பி வாசலுக்குப் போனார்.

"சரி அண்ணி, மனச தேத்திக்கங்க," என்று சொல்லிவிட்டுக் கொழுந்தன் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தான். "எல்லாரும் ஒரு கை பிடிங்க. எங்க அவரு? சார், வாங்க சார்!"

"ஷூ போட்டுட்டு வந்துடறேன்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

லிப்ட்டுக்காரர் நிலைப்படியில் இருந்தார். குறுகலான வாசல், கனத்த உடம்பு. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக் குனிந்திருந்ததில் வாசல் முழுசாக அடைபட்டுப் போயிருந்தது. டிரைவர் அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தான். உள்ளே வர வழியில்லை.

"சார், நேரமாகுது," என்றான் கொழுந்தன்.

"லேஸ் முடிச்சு விழுந்துடுச்சுங்க. தடுக்கிக் கிடுக்கி விழுந்துட்டா, தூக்கிட்டுப் போறப்ப..." என்றார் லிப்ட்டுக்காரர், நிமிராமல்.

கொழுந்தன் கட்டில் சட்டத்தில் வைத்த கையை எடுத்துக்கொண்டான்.

கட்டிலில் வெளிச்சம் அவர் முகத்துக்கு வந்தது. ஒருநாள் தாடி வெள்ளை வெள்ளையாய் மினுங்கியது. மூக்கின் மேல் கண்ணாடி அழுத்திய தடம் இன்னும் போகாமலிருந்தது. இந்த வெளிச்சத்தில் இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அழகாகத்தான் இருந்தார் என்று நினைத்தாள். நாத்தனார் திரையை மூடப் போகவில்லை.

பிறகு முகத்தை விட்டுச் சுவரில் ஏறியது. ஏற ஏறச் சிறுத்து, மஞ்சள் போய்ச் சிவப்பானது. வாசலில் வலது கால் லேஸ் முடிந்து இடது கால் நடந்துகொண்டிருந்தது. கொழுந்தன்கூடத் தன் கடிகாரத்தை விட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதன் கண்ணாடியில் வெளிச்சம் பட்டு முள் தெரியாமல் போயிருந்தது.

தினமும் இந்த இடத்தில்தான் அவள் டீ டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்திருப்பாள். விளக்கைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். இதற்கு மேல் இருந்து பார்த்ததில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அறை மங்கியது. மகன் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினான்.

"போடாதடா."

வெளிச்சம் கடிகாரத்தில் நிற்கவில்லை. ஓரமாக நகர்ந்து அதை விட்டு விலகியது. வெறும் சுவரில் கொஞ்ச தூரம் போயிற்று. உள் அறைக் கதவு நிலையின் மேல் மூலையைத் தொட்டு, ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்து நின்று, பிறகு இல்லாமல் போனது.

அவள் குனிந்து அவர் காதோரம், "கதவுதான்," என்றாள்.

வாசலில் லிப்ட்டுக்காரர், கட்டி முடித்த இடது கால் லேஸை அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தார்.